ரத்தத்தின் மேல் பழி

எங்கள் பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் முதலில் பறப்பது பித்தளைத் தம்ளர். அதன் பின்னால் தட்டு. தட்டில் சோறு இருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் அவர் பார்ப்பதில்லை. குழம்பில் உப்பு ஒரு கல் கூடிப் போயிருக்கலாம். அல்லது யாரோ அவருடைய குடையை இடம் மாற்றி வைத்திருக்கலாம். காரணம் எதுவானாலும் தம்ளர் பறக்கும் வேகம் ஒன்றுதான். அரை மணி நேரம் கழித்து அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது போல் வெற்றிலைச் செல்லத்தைக் கொண்டு வரச் சொல்லுவார்.

பெரியம்மா கூடத்தில் சிதறிக் கிடக்கும் சோற்றைப் பெருக்கி அள்ளுவாள். நசுங்கிய தம்ளரைக் குழவியின் முனையில் கவிழ்த்துத் தட்டித் தட்டி நிமிர்த்தி, மறுபடியும் அலமாரியில் வைப்பாள். சிறுவனாகிய நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னடா செய்யறது? அவங்க ரத்தம் அப்படி" என்பாள் என்னைப் பார்த்து.

எங்கள் வீட்டில் அதை எல்லோரும் நம்பினார்கள். பெரியப்பாவின் தகப்பனாருக்கும் அதே ரத்தமாம். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லுவார்கள். அந்த ரத்தத்தில் எனக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்திருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன்.

பல வருஷங்கள் கழிந்தன. பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய ஓர் அத்தியாயத்தை எழுதி மேஜை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், நாலு தாள்களில் என் பெண் யானை வரைந்து வைத்திருந்தாள். அவள் கையிலிருந்த சிலேட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். அது இரண்டாகப் பிளந்தது. குழந்தை அழவில்லை. சிலேட்டைப் பார்க்கவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று மாலை சமையலறையில் என் தாயார் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "அவன் ரத்தம் அப்படி அம்மா, நீ மனசிலே வச்சுக்காதே."

அதைக் கேட்டதும் எனக்கு ஓர் ஆறுதல் உண்டாயிற்று. அந்த ஆறுதல்தான் என்னைப் பிறகு தூங்க விடவில்லை. சிலேட்டை உடைத்தது நானா, என் ரத்தமா? ரத்தம் என்றால் அதில் இருப்பது என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புத்தகங்களைப் புரட்டியபோது, இதற்கு ஒரு நீண்ட சரித்திரம் இருப்பது தெரிந்தது. ஹாஸ்யமும் அதில் உண்டு, வேதனையும் உண்டு. நேயர்களுக்கு அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முரட்டுத்தனத்தின் வேர் உடம்பில் எங்கே இருக்கிறது என்பதைக் குடியானவர்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். ஏரில் பூட்ட வேண்டிய காளைக்குக் காயடித்துவிட்டால் அது சாதுவாகிவிடும். பொலிகாளைக்குப் பக்கத்தில் போகிறவன் கோலோடுதான் போவான். உழவுமாட்டைச் சிறு பையன்கூட ஓட்டி வருவான். கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில், பிராணிகளைப் பற்றிய தம் நூலில், காயடித்த சேவலின் கொண்டை வெளுத்துப் போவதையும் அது கூவுவதை நிறுத்திவிடுவதையும் குறித்து வைத்திருக்கிறார். ஆனால், விரையை எடுத்தால் கொண்டை ஏன் வெளுக்க வேண்டும்? விரை இருப்பது ஓர் இடம், கொண்டை இருப்பது வேறோர் இடம். இரண்டுக்கும் நடுவே ஓடுகிற தூதன் யார்? இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேல் இந்தக் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை.

விடை சொன்னவர் ஜெர்மனியில் கோட்டிங்கென் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த ஆர்னால்டு பெர்டோல்டு. 1848-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவர் ஆறு இளஞ்சேவல்களைத் தேர்ந்தெடுத்தார். இரண்டுக்கு விரைகளை முற்றும் எடுத்துவிட்டார். மற்ற நான்குக்கும் இருந்த இடத்திலிருந்து விரையைப் பிரித்து, வயிற்றுக்குள்ளே குடலின் நடுவில் ஒரு விரையை மட்டும் வைத்துத் தைத்தார். சிலவற்றுக்கு வைத்தது அதனதன் விரை. சிலவற்றுக்கு வைத்தது வேறு சேவலின் விரை.

முதல் இரண்டு சேவல்களும் எதிர்பார்த்தபடியே ஆயின. கொண்டை சுருங்கிற்று. சண்டைக்கு முனையவில்லை. கோழிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற நான்கும் அசல் சேவல்களாகவே வளர்ந்தன. கூவின; கோழிகளைத் துரத்தின; ஒன்றையொன்று கொத்திக்கொண்டன. பிறகு அவற்றை அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறி வைத்த விரைகளுக்குப் புதிய ரத்தக் குழாய்கள் ஓடியிருந்தன. நரம்புத் தொடர்பு இல்லை. ஆகவே செய்தி போவது நரம்பின் வழியாக அல்ல, ரத்தத்தின் வழியாக என்று பெர்டோல்டு முடிவு கட்டினார். 1849-ல் நாலே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி அச்சிட்டார்.

பாருங்கள், என் பெரியம்மா சொன்னதையே அந்த ஜெர்மானியரும் சொல்லியிருக்கிறார்! 'அதன் ரத்தம் அப்படி.' ஆனால் அவர் சொன்னது ஆறு சேவல்களைப் பற்றி. மனிதர்களைப் பற்றி அல்ல.

அவருடைய கட்டுரையை யாரும் லட்சியம் செய்யவில்லை. 1861-ல் அவர் காலமானார். விஷயம் ஏறக்குறைய மறந்தே போயிற்று. மறுபடியும் இதை ஊரெல்லாம் பேச வைத்தவர் முற்றிலும் வேறு மாதிரி மனிதர்.

சார்லஸ் பிரௌன்-சேகார் மொரீஷியஸ் தீவில் 1817-ல் பிறந்தவர். தகப்பனார் அமெரிக்கக் கப்பல் தலைவர், தாயார் பிரெஞ்சுக்காரி. பெரிய மேதாவி. முதுகுத் தண்டைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி இன்றைக்கும் வைத்திய மாணவர்கள் படிப்பது. பாரிஸ் நகரத்தில் மிகச் சிறந்த விஞ்ஞானிகள் வகித்த பதவியை வகித்தவர். அப்படிப்பட்டவர், 1889-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி, பாரிஸ் ஜீவசாஸ்திர சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நின்றார். அப்போது அவருக்கு வயது 72. நாயின் விரையையும் சீமைப் பெருச்சாளியின் விரையையும் நசுக்கித் தண்ணீரில் கலந்து வடிகட்டி, அந்தச் சாற்றைத் தம் உடம்பிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டதாக அறிவித்தார். அதன் பலனாக இளமை திரும்பிவிட்டது என்றார். மாடிப்படிகளில் ஓடி ஏற முடிகிறது. முன்னங்கையின் பலம் கூடியிருக்கிறது. நெடுநேரம் நின்று வேலை செய்ய முடிகிறது. ஜீரணம் நன்றாக ஆகிறது என்று ஒவ்வொன்றாக விவரித்தார். கையின் பலத்தை அளவுகருவி வைத்து அளந்தே சொன்னார்.

கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். பலர் ஏளனம் செய்தார்கள். ஆனால் செய்தி கடல் கடந்து ஓடிற்று. கொஞ்ச நாளில் பல நாடுகளிலும் வைத்தியர்கள் அந்தச் சாற்றைத் தயார் செய்து ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள். அமிர்தம் கிடைத்துவிட்டது என்றால் காசைப் பார்ப்பார்களா ஜனங்கள்? ஐந்து வருஷத்தில், 1894-ல், பிரௌன்-சேகாரும் காலமானார்.

அந்தச் சாற்றில் இருந்தது என்ன? 2002-ம் வருஷத்தில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அவர் எழுதி வைத்த முறையிலேயே அதைத் தயார் செய்து பார்த்தார்கள். உடம்பில் எந்த மாறுதலையும் உண்டாக்க முடியாத அளவுக்குத்தான் அதில் சத்து இருந்தது. அந்தச் சத்து எண்ணெயில் கரையுமே தவிரத் தண்ணீரில் சரியாகக் கரையாது. போதாததற்கு, விரை அதை உண்டாக்கி உடனுக்குடனே ரத்தத்தில் விட்டுவிடுகிறது, சேமித்து வைப்பதில்லை. ஆகவே மகா மேதாவியை மாடிப்படியில் ஓட வைத்தது மருந்து அல்ல. மருந்தின் மேல் வைத்த நம்பிக்கை. இந்த இடத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மறுபடியும் இங்கே வருவோம்.

1905-ம் வருஷம் ஜூன் மாதத்தில் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற பேராசிரியர் சில சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஓர் உறுப்பில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, வேறோர் உறுப்புக்குச் செய்தி கொண்டு போகும் பொருள்களுக்கு அவர் 'ஹார்மோன்' என்று பெயர் சூட்டினார். கிளர்ச்சியூட்டுவது, எழுப்பிவிடுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். தூதனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. இனி ஆளைப் பிடிக்க வேண்டியதுதான்.

அதற்குள் இன்னொரு கூத்து நடந்தது. 1920-ல் பாரிஸ் நகரத்தில் செர்ஜி வரனாப் என்ற ருஷிய நாட்டு டாக்டர், குரங்கின் விரையை மெல்லிய வில்லைகளாக அரிந்து வயோதிகர்களுக்கு வைத்துத் தைக்க ஆரம்பித்தார். பணக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று டார்வின் சொன்னதை ஒப்புக்கொள்ளக் கூசினவர்கள்கூட, குரங்கின் விரையைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளக் கூசவில்லை! சில வருஷங்களில் அந்த மோகமும் அடங்கிற்று.

உண்மையான வேலை சிகாகோ நகரத்தில் நடந்தது. மாட்டிறைச்சி வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் அது. 1927-ல் அங்கே சர்வகலாசாலையில் இருந்த பிரெட் கோக் என்ற ரசாயனப் பேராசிரியரும், அவருடைய மாணவர் லெமுவல் மக்கீயும் கசாப்புக் கொட்டகைகளிலிருந்து 40 ராத்தல் காளை விரையை வாங்கி, வடித்து வடித்து, 20 மில்லிகிராம் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணுக்குத் தெரிவதே அரிதான அந்தப் பொடியைக் காயடித்த சேவலுக்குக் கொடுத்ததும், சுருங்கிக் கிடந்த கொண்டை நிமிர்ந்து சிவந்தது. 1931-ல் ஜெர்மனியில் அடால்ப் பூட்டனான்ட், ஆயிரக்கணக்கான லிட்டர் சிறுநீரிலிருந்து இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு ஹார்மோனை 15 மில்லிகிராம் அளவுக்கு எடுத்தார். அந்தச் சிறுநீரைத் தானம் செய்த புண்ணியவான்கள் போலீஸ்காரர்கள். முரட்டுத்தனத்தைத் தேடப் போலீஸ் லயனுக்குப் போனதில் என்ன தப்பு என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

கடைசியில் 1935-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் எர்னஸ்ட் லாக்கூர் என்பவரின் கூட்டத்தார் காளை விரையிலிருந்து அசல் சத்தைச் சுத்தமாகப் பிரித்து 'டெஸ்டோஸ்டெரோன்' என்று பெயர் வைத்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு வார இடைவெளியில் பூட்டனான்டும், ஸ்விட்ஜர்லாந்தில் ஜூரிக் நகரத்திலிருந்த லியோபோல்ட் ரூஷிச்காவும், அதை ரசாயனசாலையிலேயே தயாரிக்கும் வழியைக் கண்டு சொன்னார்கள். 1939-ல் இருவருக்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. ஹிட்லர் ஆட்சி தடுத்ததால் பூட்டனான்ட் அப்போது அதைப் பெற்றுக்கொள்ள முடியவில்லை. அண்டை நாடுகளின் மேல் பாயப் புறப்பட்ட அரசாங்கம், பரிசு வாங்குவதற்குத் தன் விஞ்ஞானியை அனுப்ப மறுத்தது!

இதற்குப் பிறகு உலகம் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது. ஆண்களுக்கு ஏன் கோபம் வருகிறது? டெஸ்டோஸ்டெரோன். ஏன் அடிக்கிறார்கள்? டெஸ்டோஸ்டெரோன். ஏன் யுத்தம் நடக்கிறது? அதுவேதான். எங்கள் வீட்டில் 'ரத்தம்' என்று சொன்னதை, படித்தவர்கள் 'ஹார்மோன்' என்று சொல்லத் தொடங்கினார்கள். பெயர்தான் மாறிற்றே தவிரச் சாக்கு மாறவில்லை.

ஆனால் தீர்ப்பு எழுதிய பிறகும் சாட்சிகள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ராபர்ட் சபோல்ஸ்கி. ஆப்பிரிக்காவில் பாபூன் குரங்குகளின் நடுவே வருஷக்கணக்கில் கூடாரம் போட்டுக் காத்திருந்த அமெரிக்க விஞ்ஞானி. 1997-ல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியில் அவர் ஐந்து குரங்குகளின் கதை ஒன்று சொல்கிறார். ஐந்து ஆண் குரங்குகளை ஒரு கூட்டில் விட்டால் சில நாட்களில் அவற்றுக்குள் ஓர் அந்தஸ்து வரிசை உண்டாகிவிடும். முதல் குரங்கு எல்லோரையும் அதட்டும். ஐந்தாவது எல்லோரிடமும் அடிபடும். நடுவிலுள்ள மூன்றாவது, மேலே உள்ள இரண்டுக்குப் பணிந்து, கீழே உள்ள இரண்டை மிரட்டும். இப்போது மூன்றாவது குரங்குக்கு டெஸ்டோஸ்டெரோனை ஏராளமாக ஊசி போடுங்கள். அதன் முரட்டுத்தனம் கூடும், சந்தேகமில்லை. ஆனால் அது முதல் குரங்கின் மேல் பாய்ந்து சிம்மாசனத்தைப் பிடித்துவிடுமா? இல்லை. மேலே உள்ள இரண்டுக்கும் முன்போலவே பல்லை இளித்துப் பணிகிறது. கீழே உள்ள நான்கையும் ஐந்தையும் மட்டும் முன்னைவிட அதிகமாகக் கடித்துக் குதறுகிறது!

இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டுத் திண்ணை கண் முன்னால் வந்து நின்றது.

ஒரு சமயம் தீர்வை பாக்கி சம்பந்தமாக ஓர் அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊரார் நாலு பேர் கேட்கும்படி பெரியப்பாவைப் பார்த்து, "பெரிய மனுஷன் மாதிரி திண்ணை வச்சிருக்கீரே, சர்க்காருக்குப் பணம் கட்டத் தெரியாதா?" என்று கேட்டார். பெரியப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். காப்பி வந்தது. அதே பித்தளைத் தம்ளர்தான். ஒரு வாய் குடித்த அதிகாரி, "சர்க்கரைக்கும் பஞ்சமா?" என்று தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பெரியப்பா சிரித்தார். ஆமாம், சிரித்தார்! "மன்னிக்கணும், வேறே கொண்டு வரச் சொல்றேன்" என்றார். அதிகாரியின் வண்டி தெருக்கோடி திரும்பும் வரையில் அவருடைய ரத்தம் மிகவும் மரியாதையாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டி மறைந்தது. தம்ளர் பறந்தது. பெரியம்மாவின் நெற்றியில் பட்டது.

ஹார்மோன் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது விஞ்ஞானத்துக்குத் துரோகம். காயடித்தால் பெரும்பாலான பிராணிகளின் முரட்டுத்தனம் குறைவது உண்மை. ஆனால் முற்றும் போய்விடுவதில்லை. காயடிக்கு முன்பு எவ்வளவுக்கெவ்வளவு சண்டை போட்டுப் பழகியிருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு பிறகும் முரட்டுத்தனம் தங்கிவிடுகிறது என்று சபோல்ஸ்கி எடுத்துக்காட்டுகிறார். பழக்கம் வேர் விட்டுவிட்டால் பிறகு அதற்குச் சுரப்பி தேவைப்படுவதில்லை. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தத்தைக் கூட்டுகிற திருகு மாதிரிதான் ஹார்மோன். திருகைத் திருப்பினால் சத்தம் கூடும். என்ன பாட்டு என்பதைத் திருகு தீர்மானிப்பதில்லை.

மனிதர்களிடமே நேராகச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. ஷலேந்தர் பாசின் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 1996-ல் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 43 ஆண்கள் அதில் சேர்ந்தார்கள். சிலருக்கு வாரத்துக்கு 600 மில்லிகிராம் வீதம் பத்து வாரம் டெஸ்டோஸ்டெரோன் கொடுத்தார்கள். குறைபாடு உள்ளவர்களுக்கு வைத்தியர்கள் கொடுப்பதைப் போல் இது ஆறு மடங்கு. மற்றவர்களுக்குப் போட்டது வெறும் போலி ஊசி. மருந்து ஏறியவர்களுக்குத் தசை திரண்டது, பலம் கூடிற்று. கோபம்? அவர்களைக் கேட்டார்கள், அதோடு நிற்காமல், வீட்டில் கூட வசிக்கும் மனைவியையோ பெற்றோரையோ தனியே கேட்டார்கள். கோபம் கூடினதாகத் தெரியவில்லை. சோதனை செய்தவர்கள் புத்திசாலிகள். ஒரு மனிதனின் கோபத்தை அளக்கச் சரியான கருவி அவன் வீட்டில்தான் இருக்கிறது!

வேறு விதமான சாட்சியமும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. 2000-ல் ஹாரிசன் போப் என்ற டாக்டர் 50 பேருக்கு இதே போல் ஏராளமாகக் கொடுத்துப் பார்த்தார். 42 பேரிடம் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. 6 பேர் கொஞ்சம் கிளர்ச்சி அடைந்தார்கள். 2 பேருக்குத் தலைகால் தெரியாத வெறி பிடித்தது. அந்த இருவர் யாராக இருப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல ஓர் அடையாளமும் அகப்படவில்லை. ஆகவே, 'ரத்தம் அப்படி' என்று சொல்லத்தக்க மனிதர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் நூற்றுக்கு நூறு பேரும் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ள முடியாது.

இன்னொரு விசித்திரம் கேளுங்கள். ஹார்மோன் ஏறுவதால் சண்டை வருகிறது என்றல்லவா நினைத்தோம்? சண்டை வருவதால்தான் பல சமயம் ஹார்மோன் ஏறுகிறதாம். 1990-ல் ஜான் விங்பீல்டு என்பவரும் சகாக்களும் பறவைகளை ஆராய்ந்து இதை ஒரு தத்துவமாகவே வகுத்தார்கள். தன் எல்லைக்குள் அந்நியச் சேவல் நுழையும்போது ஆண் பறவையின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் குப்பென்று உயர்கிறது. மனிதனுக்கு எல்லையில் போய் நிற்கவேண்டிய அவசியம்கூட இல்லை. 1994-ம் வருஷத்து உலகக் கால்பந்து இறுதிப் பந்தயத்தில் பிரேசில் இத்தாலியை ஜெயித்தது. அமெரிக்காவில் உட்கார்ந்து டெலிவிஷனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்களின் எச்சிலைச் சோதித்தார்கள். பிரேசில் ரசிகர்களுக்கு ஹார்மோன் ஏறியிருந்தது. இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. பந்தை உதைத்தவன் ஒருவன், ரத்தம் பொங்கியது வேறொருவனுக்கு! இதில் எது காரணம், எது காரியம்?

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது ஜூரிக் நகரத்தில் நடந்த ஒன்று. டெஸ்டோஸ்டெரோனைச் செயற்கையாகச் செய்யும் வழியை 1935-ல் ரூஷிச்கா கண்டுபிடித்த அதே ஊர். சரியாக 75 வருஷம் கழித்து, 2010-ல், அவ்வூர்ச் சர்வகலாசாலையார் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் பெண்கள்; டெஸ்டோஸ்டெரோன் பெண்களின் உடம்பிலும் சிறிதளவு சுரப்பதுதான். சிலருக்கு அரை மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோனும், சிலருக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்து, ஒரு பணப் பங்கீட்டு விளையாட்டை ஆடச் சொன்னார்கள். ஒருத்தி பங்கு பிரிப்பாள். மற்றவள் அதை ஏற்கலாம், அல்லது மறுக்கலாம். மறுத்தால் இருவருக்கும் சூனியம். ஹார்மோன் சாப்பிட்டவள் பேராசை பிடித்து அநியாயமாகப் பங்கு பிரிப்பாள் என்றுதானே எல்லோரும் நினைப்போம்? நடந்தது நேர் விரோதம். உண்மையில் ஹார்மோன் சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிட நியாயமாகவே பிரித்தார்கள். அநியாயமாகப் பிரித்தவர்கள் யார் தெரியுமா? தாங்கள் சாப்பிட்டது டெஸ்டோஸ்டெரோன் என்று நம்பியவர்கள். உள்ளே போனது வெறும் மாவாக இருந்தாலும் சரி, நம்பியவர்கள் அநியாயம் செய்தார்கள்.

பிரௌன்-சேகாரை ஞாபகம் இருக்கிறதா? அவருக்கு ஊசியில் மருந்து இல்லை, நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை அவரை மாடிப்படியில் ஓட வைத்தது. அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஜூரிக்கில் அதே நம்பிக்கை மனிதர்களை அநியாயம் செய்ய வைத்தது. 'என் உடம்பில் அது இருக்கிறது. நான் என்ன செய்வேன்?' என்று எண்ணிய மாத்திரத்தில் கை தாராளமாக நீண்டுவிடுகிறது. சிலேட்டைப் பிடுங்கிய அந்தக் கணத்தில் என் ரத்தத்தில் என்ன இருந்ததோ, தெரியாது. ஆனால் என் மனத்தில் 'எங்கள் வம்சத்து ரத்தம்' என்ற அனுமதிச் சீட்டு ஒன்று பத்திரமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

இந்தச் சரித்திரத்தின் கடைசி ஏடு பிலிப்பைன்ஸ் தீவுகளில், செபு என்ற ஊரில் எழுதப்பட்டது. அங்கே 624 வாலிபர்களின் டெஸ்டோஸ்டெரோனை 2005-ல் ஒரு தடவையும் 2009-ல் ஒரு தடவையும் அளந்தார்கள். இடையில் கல்யாணமாகித் தகப்பனானவர்களுக்கு அளவு நன்றாக இறங்கியிருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. 2011-ல் வெளியான முடிவு இது. ரத்தம் கைக்குக் கட்டளை இடுகிறது என்று சொல்லி வந்தோம். குழந்தையைத் தூக்கிய கை, ரத்தத்துக்கே கட்டளை இட்டுவிட்டது!

சென்ற தடவை ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியப்பா போய் வெகு காலம் ஆகிவிட்டது. அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. காது மட்டும் கூர்மை. பொழுது போக வேண்டுமே என்று அந்த ஐந்து குரங்குகளின் கதையைச் சொன்னேன். பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

"இதைக் கண்டுபிடிக்கவா சீமையிலே அத்தனை பேர் மெனக்கெட்டாங்க? அந்த ஆபீசர் வந்துட்டுப் போன அன்னிக்கே எனக்குத் தெரியுமே!" என்றாள்.

நான் திகைத்துப் போனேன். "தெரிஞ்சுமா பெரியம்மா, 'ரத்தம் அப்படி, ரத்தம் அப்படி'ன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். நெற்றியில் பழைய தழும்பு இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டாள்.

"வேறே என்னடா சொல்றது? தெரிஞ்சேதான் அடிக்கறாங்கன்னு சொன்னா, அப்புறம் நான் அந்த வீட்டிலே எப்படிடா இருக்க முடியும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெர்டோல்டிலிருந்து ஜூரிக் வரையில் நான் படித்த எதிலும் இல்லை. அந்தச் சொல்லை அவள் பெரியப்பாவுக்காகச் சொன்னாள் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். தனக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஊரிலிருந்து திரும்பும்போது கடைத்தெருவில் ஒரு சிலேட்டு வாங்கினேன். என் பெண் சிலேட்டில் எழுதுகிற வயதையெல்லாம் என்றோ தாண்டிவிட்டாள். இருந்தாலும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "அன்றைக்கு உடைத்தது நான்தான் அம்மா" என்றேன். "எனக்குத் தெரியுமே அப்பா" என்றாள்.